“தடி வச்சுப் போச்சே மக்களே”: கல்லூரி மாணவர்களிடம் எடை இழிவையும் தன்னிழிவையும் அளப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு ஆண்டும் புராஜெக்ட் காலம் வந்ததும் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து உளவியல், சமூகப்பணி, நர்சிங் படிக்கும் பிள்ளைகள் என்னைத் தேடி வருவார்கள். “உருவக் கேலியைப் பற்றிச் செய்யலாம்னு இருக்கேன் மேடம், அதுக்கு ஏதாவது ஸ்கேல் இருக்கா?” என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. ஸ்கேல், அதாவது அளந்து பார்க்கும் வினாத்தாள், இருக்கிறது. ஆனால் அதைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால், புண்ணை அளக்கப் போன இடத்தில் இன்னொரு புண்ணை உண்டாக்கிவிட்டு வரக்கூடும். அதை ஒருமுறை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எடை இழிவும் உருவக் கேலியும் ஒன்றுதானே?

கேலி அதில் ஒரு பங்குதான். கல்யாண வீட்டுப் பந்தியில் ஓர் அத்தை “என்ன மக்களே, இப்படித் தடி வச்சுப் போச்சே, மாப்பிள்ளை எங்க கிடைக்கும்” என்று கேட்பது கேலி. ஆண்டு விழா நடனத்தில் ஒரு பெண்ணைக் கேட்காமலே பின்வரிசைக்குத் தள்ளுவது கேலி இல்லை, யாரும் ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. தொண்டை வலி என்று டாக்டரிடம் போனவளிடம் தொண்டையைப் பார்க்காமல் எடையைப் பற்றி மட்டும் பேசி அனுப்புவதும் அப்படித்தான். ஒருவரின் உடல் எடையை வைத்து அவர் சோம்பேறி, கட்டுப்பாடில்லாதவர், அறிவு மட்டு என்றெல்லாம் முடிவு கட்டி, அதற்கேற்ப அவரை ஒரு படி கீழே வைத்து நடத்துவதைத்தான் எடை இழிவு என்கிறோம். சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1963-இல் இந்தக் கருத்துக்கு உருவம் கொடுத்தார். வெளியே தெரியும் ஓர் அடையாளம் முழு மனிதரையும் மறைத்துவிடுகிறது என்பது அவர் பார்வை.

அப்படியானால் தன்னிழிவு?

ஊர் சொன்னதை நம் வாயே நமக்குள் திருப்பிச் சொல்லத் தொடங்குவது. “அவங்க சொல்றது சரிதானே, நான் அப்படித்தானே இருக்கேன்.” இதில் இரண்டு இழைகள் உண்டு. ஒன்று, தன்னைத் தானே மட்டம் தட்டுவது. இன்னொன்று, மற்றவர்கள் என்ன செய்வார்களோ என்ற பயம். இந்த இரண்டாவது இழையைக் கல்லூரியில் அன்றாடம் பார்க்கலாம். குரூப் போட்டோ எடுக்கும்போது நகர்ந்துவிடும் பையன், மதிய நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் லைப்ரரியில் போய் உட்காரும் பெண், என்.எஸ்.எஸ். முகாமுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் கடைசி நாள் வராமல் நின்றுவிடும் பிள்ளை. இவர்களில் பலரை அந்த வாரம் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதனால் இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். வெளியிலிருந்து நிறைய வாங்கியும் உள்ளே ஏற்றிக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். ஒரு சொல்லையே ஏழு வருடம் சுமப்பவர்களும் இருக்கிறார்கள்.

எல்லாருக்கும் தெரிந்த விஷயம். இதை ஏன் அளக்க வேண்டும்?

“நாலு வார்த்தை சொன்னாத்தான் உறைக்கும், உறைச்சாத்தான் குறைப்பாங்க” என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ஆழமாக வேரோடியிருக்கிறது. அது உண்மையா என்று அளந்துதான் சொல்ல முடியும். அளந்தும் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஐம்பது வயது தாண்டிய 2,944 பேரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2014-இல் வெளிவந்தது. எடையால் பாகுபாட்டைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள் சராசரியாக 0.95 கிலோ கூடியிருந்தார்கள். அப்படிச் சொல்லாதவர்கள் 0.71 கிலோ குறைந்திருந்தார்கள். அமெரிக்காவில் 2013-இல் வந்த இன்னோர் ஆய்வில், தொடக்கத்தில் உடல் பருமன் இல்லாதவர்களில் எடைப் பாகுபாட்டைச் சொன்னவர்கள் பின்னால் உடல் பருமன் நிலைக்குப் போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2.5 மடங்கு இருந்தது. இவை தொடர்பைக் காட்டுபவை, காரணத்தை முழுமையாக நிறுவுபவை அல்ல. ஆனால் திட்டினால் மெலிவார்கள் என்ற வாதத்துக்கு இவற்றில் எந்த ஆதரவும் இல்லை.

நம் பக்கத்து நிலவரத்தையும் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37.0 சதவீதம் பேரும் கூடுதல் எடை அல்லது உடல் பருமன் பிரிவில் வருகிறார்கள். கிட்டத்தட்ட ஐந்தில் இருவர். இத்தனை பேரைத் தொடும் ஒன்றை ‘சும்மா கேலிதானே’ என்று எப்படி ஒதுக்குவது?

எந்த வினாத்தாளை எடுப்பது?

என்ன கேட்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நான் வழக்கமாகச் சொல்வது மூன்று.

வெளியிலிருந்து வருவதை அளக்க, உணரப்பட்ட எடை இழிவு அளவுகோல். சுருக்கமாக பி.டபிள்யூ.எஸ்.எஸ். பத்தே கேள்விகள், ஆம் அல்லது இல்லை. மதிப்பெண் 0 முதல் 10 வரை. எடையின் பொருட்டு மற்றவர்கள் உங்களை எப்படி நடத்தினார்கள் என்பதைத்தான் அது கேட்கிறது.

உள்ளே இருப்பதை அளக்க, டபிள்யூ.எஸ்.எஸ்.க்யூ. என்ற எடைத் தன்னிழிவு வினாத்தாள். ஜேசன் லில்லிஸும் உடன் ஆய்வாளர்களும் 2010-இல் வெளியிட்டது. 12 கேள்விகள். நான் மேலே சொன்ன இரண்டு இழைகளுக்கும் ஆறாறு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பு, ஆக மொத்தம் 12 முதல் 60 வரை. மொத்தத்தை மட்டும் எழுதாமல் இரண்டு பகுதிகளையும் தனித்தனியே எழுதுங்கள், அதில்தான் சேதி இருக்கிறது. மலேசியப் பல்கலைக்கழக மாணவர்களிடம் இந்த இரண்டு அளவுகோல்களையும் சேர்த்தே சோதித்த ஆய்வு 2022-இல் வந்தது. மாணவர்களை வைத்துச் செய்பவர்களுக்கு அது நல்ல முன்மாதிரி.

மூன்றாவது, ஊரின் எடைச் சார்பை ஒருவர் எவ்வளவு உள்ளே ஏற்றிக்கொண்டார் என்று அளக்க, ஆய்வாளர்கள் டர்ஸோவும் லாட்னரும் 2008-இல் செய்த டபிள்யூ.பி.ஐ.எஸ். இதில் 11 கேள்விகள், ஏழு படிகள். கூடுதல் எடை உள்ளவர்களுக்கென்றே முதலில் எழுதப்பட்டது. 2014-இல் பெர்லும் பூலும் அதை எந்த எடைக்காரரும் பதில் சொல்லும்படி திருத்தினார்கள். இதில் தலைகீழாக மதிப்பிட வேண்டிய கேள்வி, அதாவது ஒத்துக்கொண்டால் தன்னிழிவு குறைவு என்று பொருள்படும் கேள்வி உண்டு. அதைத் திருப்பிப் போட மறந்து மொத்த முடிவையும் குழப்பிக்கொண்டு வருபவர்கள் ஆண்டுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். முதல் கேள்வி மற்றவற்றோடு ஒட்டாமல் நிற்பதைப் பல ஆய்வுகள் கண்டிருப்பதால் அதை விட்டுவிட்டுப் பத்துக் கேள்விகளோடு கணக்கிடுபவர்களும் உண்டு.

மாணவர்கள் பிறரைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று அளக்க வேண்டுமானால் அது வேறு. உளவியலாளர் கிராண்டல் 1994-இல் செய்த 13 கேள்வி அளவுகோலைப் பாருங்கள். நர்சிங் மாணவர்களுக்கு இது ரொம்பவே பொருந்தும். நாளை வார்டில் நிற்கப் போகிறவர்கள் அவர்கள்.

ஒல்லியான பிள்ளைகளையும்தானே கேலி செய்கிறார்கள்?

ஆமாம், அதை விட்டுவிடாதீர்கள். ‘ஈர்க்குச்சி’, ‘நோஞ்சான்’, ‘காத்தடிச்சா பறந்துருவ’ என்று கேட்டு வளர்ந்த பையன்கள் நம் வகுப்புகளில் நிறைய. டபிள்யூ.எஸ்.எஸ்.க்யூ. கூடுதல் எடையை மனதில் வைத்து எழுதப்பட்டது, இவர்களின் வலி அதில் விழாது. திருத்திய டபிள்யூ.பி.ஐ.எஸ். ஓரளவு பிடிக்கும்.

தமிழில் மொழிபெயர்க்க நம் இங்கிலீஷ் டிபார்ட்மென்ட் சாரிடம் கொடுத்தால் போதாதா?

போதாது. இதில்தான் ஆய்வு நிற்பதும் விழுவதும். பீட்டனும் மற்றவர்களும் 2000-இல் எழுதிவைத்த முறையைத்தான் பெரும்பாலும் பின்பற்றுகிறோம். இருவர் தனித்தனியே தமிழுக்குக் கொண்டுவர வேண்டும். அவர்களில் ஒருவர் இந்தத் துறையைப் பற்றி ஒன்றுமே தெரியாதவராக இருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத இருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். பிறகு ஒரு குழு உட்கார்ந்து பேச வேண்டும். அப்புறம் 30, 40 பேரிடம் கொடுத்து, “இந்தக் கேள்வி உங்களுக்கு என்ன புரிந்தது?” என்று கேட்க வேண்டும்.

இந்தக் கடைசிப் படியை நேரமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

‘பாகுபாடு’ என்ற சொல்லைப் போட்டோம். பிள்ளைகள் சாதியைத்தான் நினைத்தார்கள். “அப்படியெல்லாம் எங்க கிளாஸ்ல இல்ல மேடம்” என்று இல்லை போட்டுக்கொண்டே போனார்கள். ‘எடை காரணமாக உங்களை வேறு மாதிரி நடத்துவது’ என்று மாற்றியதும் பேனா நின்றது, யோசித்தார்கள்.

‘பலவீனமானவர்’ என்று எழுதினால் சத்து இல்லாத உடம்பு என்று படிக்கிறார்கள். ‘மன உறுதி இல்லாதவர்’ என்றால்தான் கேட்க வந்தது போய்ச் சேர்கிறது. ‘வெட்கம்’ என்ற சொல்லில் கல்யாணப் பெண்ணின் நாணமும் சேர்ந்து வருகிறது. ‘அவமானம்’ என்றால் ஊரே கூடி நடந்த பெரிய சம்பவம் வேண்டும் போலத் தோன்றுகிறது. நாங்கள் ‘கூனிக் குறுகிப் போவது’ என்பதில் வந்து நின்றோம். நீங்கள் வேறு சொல்லுக்குப் போகலாம், ஆனால் பிள்ளைகளைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ‘மற்றவர்கள்’ என்ற சொல். நமக்கு அம்மாவும் சித்தியும் மற்றவர்கள் இல்லை. “மற்றவர்கள் உங்கள் எடையைப் பற்றிப் பேசுகிறார்களா?” என்ற கேள்விக்கு இல்லை போட்ட ஒரு மாணவி, பேசும்போது “அம்மா தினமும் சொல்லுவாங்க, அது கணக்கா?” என்று கேட்டாள். கணக்குதான். அமெரிக்காவில் கூடுதல் எடையுள்ள 2,449 பெண்களிடம் 2006-இல் கேட்டபோது, இழிவு வந்த இடங்களில் முதலில் நின்றவர்கள் குடும்பத்தார்தான், 72 சதவீதம். அடுத்து டாக்டர்கள், 69 சதவீதம். அதனால் ‘வீட்டில் உள்ளவர்கள் உட்பட’ என்ற மூன்று சொற்களைக் குழுவில் பேசிச் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்த்ததை அறிக்கையில் சொல்லிவிடுங்கள்.

விளவங்கோடு பக்கம் மலையாளமும் தமிழும் கலந்த வீடுகள் உண்டு, மலையாள வழியில் பள்ளி படித்து வந்தவர்களும் உண்டு. தாய்மொழி என்ன, எந்த மொழியில் வாசிப்பது எளிது என்று தனியாகக் கேட்டுவிடுங்கள். எழுத்துத் தமிழில் தடுமாறுபவரின் பதிலை மனநிலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எடை, உயரத்தை வகுப்பிலேயே பார்த்துக்கொள்ளலாமா?

வேண்டாம். தொடக்கத்தில் சொன்ன அந்தச் சம்பவம் இதுதான். சில வருடங்களுக்கு முன் என் வழிகாட்டலில் நடந்த ஓர் ஆய்வில், ஒரு கல்லூரியில் எடை மெஷினை வகுப்பின் முன்னால் வைத்தார்கள். ஒருவர் எண்ணைச் சத்தமாகச் சொல்ல, இன்னொருவர் எழுதினார். நான் அந்த அறையில்தான் இருந்தேன். நேரம் மிச்சமாகிறது என்று பேசாமல் இருந்துவிட்டேன். ஒரு பெண் மெஷினில் ஏறினாள், எண் வாசிக்கப்பட்டது, பின் பெஞ்சில் சிரிப்பு. அவள் வினாத்தாளை வெறுமையாக வைத்துவிட்டு வெளியே போனாள். நாங்கள் அளக்க வந்தது எதுவோ அதையே அந்த அறையில் நாங்கள் செய்தோம். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்று எடுத்த எதையும் பயன்படுத்தவில்லை.

இப்போது என் முறை இது. முதலில் வினாத்தாள், பிறகுதான் எடை. தனி அறை, ஒரு நேரத்தில் ஒருவர். எண்ணை வாய்விட்டுச் சொல்வதில்லை. விருப்பமில்லாதவர் மெஷினுக்கு முதுகு காட்டி நிற்கலாம், முழுக்க மறுக்கவும் செய்யலாம். அவர்களே சொல்லும் எடையை எழுதிக்கொள்வதும் ஒரு வழி. கொஞ்சம் குறைத்துத்தான் சொல்வார்கள், எடை கூடக்கூட அந்தக் குறைப்பும் கூடும். முடிவு எழுதும்போது அதைக் குறிப்பிட்டால் போதும்.

பி.எம்.ஐ. எல்லை எது, 25-ஆ 23-ஆ?

கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பதுதான் பி.எம்.ஐ. உலகச் சுகாதார நிறுவனத்தின் பொது எல்லையில் 25-க்கு மேல் கூடுதல் எடை, 30-க்கு மேல் உடல் பருமன். இந்தியர்களுக்கு 23-உம் 25-உம். 158 செ.மீ. உயரமும் 68 கிலோ எடையும் உள்ளவருக்கு 27.2 வருகிறது. ஒரு கணக்கில் கூடுதல் எடை, இன்னொன்றில் உடல் பருமன். எதை எடுத்தீர்கள் என்று எழுதிவிடுங்கள்.

எத்தனை பேர் வேண்டும்? ஆல்ஃபா 0.7 வந்தால் முடிந்ததா?

200, 300 பேராவது இருந்தால் காரணிப் பகுப்பாய்வு, அதாவது எந்தக் கேள்விகள் ஒன்றுசேர்ந்து ஓர் இழையாகின்றன என்று பார்க்கும் கணக்கு, கொஞ்சம் நிலையாக நிற்கும். ஒரே கல்லூரியில், ஒரே துறையில் எடுக்காதீர்கள். மகளிர் கல்லூரி, இருபாலர் கல்லூரி, பாலிடெக்னிக் என்று கலந்து போங்கள். பேருந்தில் வந்து போகிறவர்களையும் ஹாஸ்டலில் இருப்பவர்களையும் சேருங்கள்.

ஆல்ஃபா முடிவல்ல. கேள்விகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன என்று மட்டும்தான் அது சொல்லும், சரியானதைத்தான் அளக்கின்றனவா என்று சொல்லாது. ஆம்-இல்லை கேள்விகளுக்கு அதே குடும்பத்தைச் சேர்ந்த கே.ஆர்.20 என்று எழுதுங்கள். இரண்டு இழைகள் என்று சொன்ன வினாத்தாள் நம் பிள்ளைகளிடமும் இரண்டாகத்தான் பிரிகிறதா என்று உறுதிப்படுத்தும் காரணிப் பகுப்பாய்வில் பாருங்கள். அந்தப் பிரிப்பு பிள்ளைகளின் பதில்களோடு எவ்வளவு பொருந்துகிறது என்று இரண்டு எண்கள் காட்டும். சி.எஃப்.ஐ. 0.95-க்கு அருகில், ஆர்.எம்.எஸ்.இ.ஏ. 0.06-க்கு அருகில் என்பது 1999-இலிருந்து புழங்கும் அளவு. இரண்டு வாரம் கழித்து ஒரு சிறு குழுவிடம் மறுபடி கொடுத்துப் பார்ப்பதும் நல்லது. இடையில் செமஸ்டர் தேர்வோ ஊர்த் திருவிழாவோ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கு மதிப்பெண் கூடுதல். பெண்களுக்குத் தன்னிழிவு அதிகம் என்று எழுதலாமா?

உடனே எழுதாதீர்கள். ஒரே கேள்வி இருவருக்கும் ஒரே பொருளைத் தருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நம் பையன்கள் நண்பனை “லேய் தடியா” என்றே கூப்பிடுகிறார்கள். அவனும் திரும்பிப் பார்க்கிறான். “எடையை வைத்துப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா?” என்றால் ஆம் போடுவான். அது அவனுக்கு வலிக்கவில்லை என்று அர்த்தமில்லை, வலிக்கிறது என்றும் அர்த்தமில்லை. அதே சொல்லை ஒரு பெண்ணிடம் சொன்னால் கதையே வேறு. மறுபுறம், அழுகையையும் கூச்சத்தையும் பற்றிய கேள்விகளுக்கு அதே அளவு வலியுள்ள பையன் ஒரு படி குறைத்துத்தான் பதில் போடுவான்.

அளவு மாறாமை என்று இதைச் சோதிக்கிறோம். கேள்விகளின் அமைப்பு ஒன்றா, கேள்விக்கும் இழைக்கும் உள்ள பிணைப்பு ஒன்றா, தொடக்கப் புள்ளி ஒன்றா என்று மூன்று படிகள். ஒரு படியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது சி.எஃப்.ஐ. 0.01-க்கு மேல் குறையாவிட்டால் தாண்டலாம். மூன்றையும் தாண்டிய பிறகுதான் சராசரிகளை ஒப்பிடும் உரிமை வருகிறது. எடைப் பிரிவுகளை ஒப்பிடுவதற்கும் இதே விதிதான்.

எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் ‘பாதிக்கப்பட்டவர்’?

டபிள்யூ.எஸ்.எஸ்.க்யூ.வை நோய் கண்டறியும் எல்லைக்கோட்டோடு உருவாக்கவில்லை. நீங்களாக ஒன்றைக் கிழித்து யாரையும் பெயரிடாதீர்கள்.

நிரப்பும்போது யாராவது அழுதுவிட்டால்?

நடக்கும். நடக்கும் என்று எதிர்பார்த்தே போங்கள். கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதல் இல்லாமல் தொடங்கவே கூடாது. 18 வயது நிறையாத முதலாண்டு மாணவர் இருந்தால் பெற்றோர் ஒப்புதலும் வேண்டும். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், நிறுத்தினால் இன்டர்னலில் எதுவும் ஆகாது என்பதை வாயால் சொல்லுங்கள், தாளில் இருப்பது போதாது. அவர்களுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர் அறையில் இருக்க வேண்டாம். தாளின் கடைசியில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416 இருக்கட்டும், இலவசம், தமிழில் பேசலாம். நேரில் பார்க்க வேண்டும் என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. யார் கூட்டிப் போவது என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

எடையை வைத்துத் தொடர்ந்து துன்புறுத்துகிறார்கள் என்று தெரியவந்தால் விதி ஏதும் உண்டா?

உண்டு. ராகிங் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் 1997-லிருந்தே இருக்கிறது. யு.ஜி.சி. 2009 விதிமுறைகளில் 2016-இல் செய்த திருத்தம், தோற்றத்தை வைத்து ஒருவரைத் துன்புறுத்துவதையும் ஒதுக்குவதையும் ராகிங் என்றே சொல்கிறது. ‘தோற்றம்’ என்ற சொல் நிறம், சாதி, பாலினம் முதலியவற்றோடு அதே பட்டியலில் இருக்கிறது. புகார் எண் 1800-180-5522. பல கல்லூரிகளில் இந்தத் திருத்தம் நோட்டீஸ் போர்டில்கூட இல்லை.

“நான் அவ நல்லதுக்குத்தான் சொல்றேன்.” ஓர் அப்பாவின் கேள்வி.

நல்லதுக்குத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பந்தியில் நாலு பேர் முன்னால் “அவளுக்குப் பாயசம் வேண்டாம்” என்று நீங்கள் சொல்லும்போது அவள் காதில் விழுவது சர்க்கரையைப் பற்றியது அல்ல. கிராண்டல் 1995-இல் இன்னொன்றைக் கண்டார். அமெரிக்காவில் எடை கூடிய மகள்களுக்குப் பெற்றோரிடமிருந்து கல்லூரிச் செலவுக்குக் கிடைத்த உதவி குறைவாக இருந்தது. அன்பில்லாத பெற்றோர்கள் என்று சொல்ல வரவில்லை. எடையைப் பற்றிய எண்ணம் நமக்கே தெரியாமல் கையிலும் பையிலும் இறங்கிவிடுகிறது. உடல்நலம் பற்றிப் பேசத் தோன்றினால் தனியாகப் பேசுங்கள், முதலில் அவள் எப்படி இருக்கிறாள் என்று கேளுங்கள். சாயங்காலம் சொத்தவிளைக் கடற்கரைக்கு நடக்க நீங்களும் கூடப் போங்கள். வீட்டில் கிழங்கும் மீனும் எல்லாருக்கும் ஒரே அளவில் வையுங்கள், அவள் தட்டை மட்டும் எண்ண வேண்டாம்.

முடிவுகளைக் கல்லூரிக்குக் கொடுக்கலாமா?

தொகுத்த கணக்கை மட்டும் கொடுங்கள். வகுப்புவாரியாகப் பிரித்துக் கேட்பார்கள், மறுத்துவிடுங்கள். பதினொரு பேர் படிக்கும் முதுகலை வகுப்பில் ‘எடை கூடிய ஆண்கள்: 1’ என்று அட்டவணை போட்டால் அந்த ஒருவன் யார் என்று வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். பத்துப் பேருக்குக் குறைவான கட்டங்களைச் சேர்த்து எழுதுவதும், எடை எழுதிய தாளையும் வினாத்தாளையும் தனித்தனி அலமாரியில் பூட்டி வைப்பதும் என் வழக்கம். சாவி துறைத் தலைவரிடம் இருக்காது.